பழைய வால்வு ரேடியோ: தேடிப் பிடிப்பதிலிருந்து பாட வைப்பது வரை

பழைய வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்குவது) ஒன்று கைக்குக் கிடைத்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, பிளக்கைச் சொருகிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பல பத்தாண்டுகளாகச் சும்மா கிடந்த ரேடியோவுக்குள் கெட்டுப்போயிருப்பவை பெரும்பாலும் கண்டென்சர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள். அவை விலை குறைந்தவை, புதிதாக வாங்கிப் போட்டுவிடலாம். ஆனால் அவை கெட்டிருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் எரிந்துபோவது பவர் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர் வால்வு (ஏ.சி.யை டி.சி.யாக்குவது) போன்ற லேசில் கிடைக்காத பாகங்கள். "ஒரு நிமிஷம்தான் போட்டுப் பார்த்தேன்" என்ற அந்த ஒரு நிமிஷத்தில் உயிர் விட்ட ரேடியோக்கள் ஏராளம்.

அதனால் இந்த வழிகாட்டியில் மின்சாரம் வெகு தாமதமாகத்தான் வரும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பொறுமையாகச் செய்தால், நல்ல நிலையில் உள்ள ஐந்து வால்வு ரேடியோ ஒன்று முதல் முறை சுவிட்ச் போட்டபோதே பாடும் வாய்ப்பு அதிகம்.

## ஷாக் விஷயத்தில் சமரசம் கிடையாது

டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து பழகிய கை இங்கே உதவாது. வால்வு ரேடியோவுக்குள் 200 முதல் 300 வோல்ட் வரை டி.சி. இருக்கும். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் அந்த வோல்டேஜ் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர்களைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கியபின் அதைக் கண்டென்சரின் இரு முனைகளுக்கும் குறுக்கே சில விநாடி மாட்டி, மீட்டர் பூச்சியம் காட்டுவதைப் பார்த்த பிறகே உள்ளே கை விட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பட்டென்று ஷார்ட் செய்யும் பழக்கம் கண்டென்சருக்கும் நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை. மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையால் மட்டும் அளங்கள். மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் (பாகங்கள் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டில்) கிளிப் போட்டுவிட்டு, இன்னொரு கையைச் சேசிஸிலிருந்து விலக்கி வையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரேடியோக்களில் மெயின்ஸின் (வீட்டு மின்சாரத்தின்) ஒரு வயர் நேராகச் சேசிஸுக்குப் போகும். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை இவை. அமெரிக்காவில் ஐந்து வால்வு மேசை ரேடியோக்களும், ஐரோப்பாவில் 'யு' வரிசை வால்வு போட்ட ரேடியோக்களும் லட்சக்கணக்கில் இப்படித்தான் வெளிவந்தன. பிளக்கை எந்தப் பக்கமாகச் சொருகினோம் என்பதைப் பொறுத்துச் சேசிஸ் முழுவதும் லைவாக இருக்கும். திருகின் (கையால் சுற்றும் குமிழின்) உள்ளே இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தொட்டால்கூட ஷாக் அடிக்கும். இந்த வகையை 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மேசையில் திறந்து வேலை செய்யவே கூடாது. வேரியாக் ஐசொலேஷன் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். அது வோல்டேஜைக் குறைக்கும், மெயின்ஸிலிருந்து பிரிக்காது. இப்படிப்பட்ட ரேடியோவின் சேசிஸுக்கு எர்த் வயர் கொடுப்பதும் தவறு. பின்மூடி இல்லாமல் அதைப் பயன்படுத்துவதும் தவறு.

ஷாக் தவிர இரண்டு விஷயங்கள். வால்வுக்கோ ரெசிஸ்டருக்கோ பக்கத்தில் சாம்பல் வெள்ளையில் அட்டை மாதிரி ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கிழிக்காமல், சுரண்டாமல் விடுங்கள். சேசிஸில் மஞ்சள் கலந்த வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது காட்மியம் பூச்சு அரித்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த தூரிகையால் தேய்த்துப் பறக்க விடாமல், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை அப்படியே கட்டி அப்புறப்படுத்துங்கள்.

## எதை எடுப்பது, எதை விடுவது

வால்வு ரேடியோக்கள் 1920களில் வீட்டுக்குள் வந்தன. முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ 1954-இல் விற்பனைக்கு வந்த பிறகு மெல்லப் பின்வாங்கின. முதல் ரேடியோவாக எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை தெளிவானது: இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்யப்பட்ட, பவர் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, ஐந்து அல்லது ஆறு வால்வு மேசை ரேடியோ. மத்திய அலையும் ஒன்றிரண்டு சிற்றலை பேண்டுகளும் இருந்தால் போதும். இதன் சர்க்யூட் கற்றுக்கொள்ள எளிது, பாகங்களுக்கு நடுவில் இடம் இருக்கும், வால்வுகளும் இன்னும் கிடைக்கின்றன.

முதல் முயற்சிக்கு வேண்டாதவை: பேட்டரி வால்வு ரேடியோ (1.4 வோல்ட் ஃபிலமென்ட், சின்னத் தவறிலும் எரிந்துவிடும்), வைப்ரேட்டர் வைத்த கார் ரேடியோ, புஷ் பட்டன்கள் நிறைந்த பெரிய பண்பலை கன்சோல். பத்து பட்டன்கள் சிக்கிக்கொண்ட ரேடியோ பார்க்க அழகாக இருக்கும். அதைப் பிரித்துச் சரிசெய்வது தேர்ந்த கைக்கே பெரிய வேலை.

சொந்தக்காரர்கள் வீட்டுப் பரண், பழைய பொருள் சந்தை, ஏலம், இணைய விற்பனை, சேகரிப்பாளர் குழுக்கள் என்று தேடலாம். இதில் சேகரிப்பாளர்களிடம் வாங்குவதை நான் அதிகம் விரும்புவேன். என்ன கெட்டிருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். யாரிடம் வாங்கினாலும், "போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். லைட் எரிவது எதற்கும் ஆதாரம் ஆகாது.

நேரில் பார்க்கும்போது டயல் கண்ணாடியில் தொடங்குங்கள். உடைந்த டயல் கண்ணாடிக்கு மாற்று கிடைப்பது அபூர்வம். அது உடைந்திருந்தால் ரேடியோவை விட்டுவிடுவேன். அப்புறம் திருகுகள் எல்லாம் இருக்கின்றனவா, பின்மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடி வழியாக டார்ச் அடித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். தூசி சீராகப் படிந்திருந்தால் நல்ல அறிகுறி. யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கறுப்பு மெழுகு வழிந்திருந்தாலோ கருகிய நாற்றம் அடித்தாலோ யோசியுங்கள். எலி கூடு கட்டியிருந்தால் அதன் மூத்திரம் சேசிஸையும் காயில்களையும் அரித்திருக்கும். மரப்பெட்டியில் குண்டூசி அளவு துளைகளும் அடியில் மாவும் இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருப்பது பெரிய குறை இல்லை. மெல்லிய டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் கொண்டு ஒட்டிவிடலாம்.

கடைசியாக அலை மாற்றும் திருகைச் சுற்றிப் பாருங்கள். பேண்ட் ஸ்விட்ச் உடைந்திருந்தால் அதே மாதிரியில் இன்னொரு ரேடியோவைத்தான் உதிரிபாகத்துக்குத் தேட வேண்டிவரும்.

## வால்வு எண்ணை வாசிப்பது

வால்வு எண்களை எழுதிக்கொண்டாலே அந்த ரேடியோ என்ன வகை என்று தெரிந்துவிடும். ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்து ஹீட்டரை (வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழையை) குறிக்கும். 'இ' என்றால் 6.3 வோல்ட், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட். 'யு' என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் ஹீட்டர். பெரும்பாலும் லைவ் சேசிஸ் என்று எச்சரிக்கையாக இருங்கள். 'டி' என்றால் பேட்டரி. அடுத்து வரும் எழுத்துகள் வால்வின் வேலையைச் சொல்லும்: 'எல்' அவுட்புட், 'எஃப்' பென்டோடு (சிக்னலைப் பெருக்கும் வால்வு), 'ஒய்', 'இசட்' இரண்டும் ரெக்டிஃபையர், 'எம்' மேஜிக் ஐ (நிலையம் சரியாகப் பிடித்திருப்பதை ஒளியால் காட்டுவது). இசிஎச் 81, இஎல் 84, இஇசட் 80 என்று வரிசையாக இருந்தால், 1950களிலோ அதற்குப் பிறகோ வந்த டிரான்ஸ்ஃபார்மர் செட் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

அமெரிக்க வால்வுகளில் முதலில் வரும் எண் ஏறக்குறைய ஹீட்டர் வோல்டேஜ். 12பிஇ6, 12பிஏ6, 12ஏவி6, 50சி5, 35டபிள்யூ4 ஐந்தையும் கூட்டிப் பாருங்கள்: 12, 12, 12, 50, 35. மொத்தம் 121. அதாவது 110 முதல் 120 வோல்ட் மெயின்ஸில் நேராகத் தொடராக எரியும் ஹீட்டர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததன் ரகசியம் இதுதான்.

வால்வைக் கழற்றும்போது நேராக, லேசாக ஆட்டி இழுங்கள். கண்ணாடியில் அச்சான எண்ணைத் துடைக்காதீர்கள், விரல் பட்டாலே அழிந்துவிடும். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிபோல் பளபளக்கும் பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. மற்றபடி வால்வுகள் நாம் நினைப்பதைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. ரேடியோ பாடவில்லை என்றதும் வால்வு வாங்க ஓடுவது வீண் செலவு. ஹீட்டர் முனைகளில் மீட்டர் வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

## சேசிஸை வெளியே எடுப்பது

திருகுகளைக் கழற்றி (சில இழுத்தால் வரும், சிலவற்றில் பக்கவாட்டில் ஸ்க்ரூ இருக்கும்), அடியில் உள்ள ஸ்க்ரூக்களை எடுத்து, ஸ்பீக்கர் வயர்களை அடையாளம் வைத்துப் பிரித்தால் சேசிஸ் வந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். முக்கியமாக டயல் நூல் எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று, எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை. அறுந்த பிறகு அதை ஊகித்துக் கட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

தூசியை மென்மையான தூரிகையால் தட்டி உறிஞ்சி எடுங்கள். கேங் கண்டென்சரின் (நிலையம் மாற்றும்போது சுழலும் கண்டென்சர்) தகடுகளை வளைத்துவிடாமல் காற்று ஊதினால் போதும். வால்யூம் கன்ட்ரோலுக்கும் பேண்ட் ஸ்விட்சுக்கும் காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டுப் பலமுறை சுற்றுங்கள். ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மர்களின் டப்பாவுக்குள் எதையும் அடிக்க வேண்டாம், அவற்றின் ஸ்க்ரூக்களைத் திருகவும் வேண்டாம். "லூஸாக இருக்கிறதே" என்று யாரோ இறுக்கியதால் அலைன்மென்ட் (அலைவரிசைகளுக்கான ஒத்திசைவு) போன ரேடியோக்கள் பல.

சர்க்யூட் படத்தைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண் பெரும்பாலும் பின்மூடியிலோ சேசிஸிலோ இருக்கும். பழைய சர்வீஸ் படங்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கிறது. படம் கிடைக்காவிட்டால் வால்வு எண்களை வைத்து அதே வரிசை வால்வு உள்ள இன்னொரு ரேடியோவின் படத்தைப் பார்த்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

## கண்டென்சர்கள்

வேலையின் இதயம் இங்கேதான் இருக்கிறது. பழைய ரேடியோவில் நாலு வகைக் கண்டென்சர்கள் இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை.

மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சர்கள், தார் நிரப்பியவை, பார்க்க பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் உள்ளே காகிதம் உள்ளவை எல்லாவற்றையும் சோதிக்காமலேயே மாற்றுங்கள். காகிதம் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசிய விடும். சாதாரண மீட்டர் குறைந்த வோல்டேஜில் அளப்பதால் அந்தக் கசிவு அதில் தெரியாது. 200 வோல்டில்தான் அது வெளிப்படும். மைக்கா, செராமிக் கண்டென்சர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் உள்ளே காய்ந்துபோயிருக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும்.

புதிதாகப் போடுவதற்கு 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர்கள் சரியானவை. பழைய மதிப்புகள் அப்படியே கிடைக்காது. 0.05 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 0.047, 0.02 இருந்த இடத்தில் 0.022, 0.005 இருந்த இடத்தில் 0.0047 போடலாம். எலக்ட்ரோலிடிக்கில் 8-க்கு 10, 16-க்கு 22, 32-க்கு 33 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட். ஹம் (ஸ்பீக்கரில் தொடர்ந்து வரும் உறுமல்) குறையட்டும் என்று ரெக்டிஃபையரை அடுத்து வரும் முதல் கண்டென்சருக்கு 100 மைக்ரோ ஃபாரட் போடாதீர்கள். ஒவ்வொரு முறை அது நிரம்பும்போதும் ரெக்டிஃபையர் வால்வு தாங்க வேண்டிய மின்னோட்டம் கூடி, வால்வு சீக்கிரம் போய்விடும். மைனஸ், பிளஸ் முனை மாறக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சில செட்டுகளில் எலக்ட்ரோலிடிக்கின் நெகட்டிவ் சேசிஸுக்குப் போகாமல் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகப் போகும். கிரிட் பயஸுக்காக (வால்வின் கட்டுப்பாட்டு முனையான கிரிட்டுக்குத் தரும் நெகட்டிவ் வோல்டேஜ்) செய்த ஏற்பாடு அது. படத்தைப் பார்த்து அதே இடத்தில் இணையுங்கள்.

ஒன்று எடுத்தால் ஒன்று போடுங்கள். எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு அப்புறம் எது எங்கே இருந்தது என்று தேடக் கூடாது. பழையதன் மேல் புதியதை இணையாகச் சேர்ப்பதும் தவறு. கசிவு அப்படியே இருக்கும். சேசிஸ் மேல் நிற்கும் அலுமினிய டப்பா எலக்ட்ரோலிடிக்கை எடுக்க வேண்டாம். அதன் இணைப்புகளைத் துண்டித்துவிட்டு, அடியில் டேக் ஸ்ட்ரிப் (வயர்களைப் பற்றவைக்கும் முனைப் பட்டை) ஒன்று வைத்துப் புதியவற்றைப் பொருத்தினால் மேலிருந்து பார்க்கும்போது ரேடியோ பழைய முகத்தோடு இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான கண்டென்சர் ஒன்று உண்டு. முதல் ஆடியோ வால்வின் பிளேட்டிலிருந்து (சிக்னல் வெளியே வரும் முனையிலிருந்து) அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர், பெரும்பாலும் 0.01 மைக்ரோ ஃபாரட் அளவில் இருக்கும். இது கசிந்தால் அவுட்புட் வால்வின் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும். வால்வு கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டத்தை இழுக்கும், பிளேட் சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முடி மாதிரியான வயர் எரிந்து அறுந்துபோகும். நேரம் இல்லை, ஒரே ஒரு கண்டென்சரைத்தான் மாற்ற முடியும் என்றாலும் இதைத்தான் மாற்றுவேன்.

மெயின்ஸோடு நேரடியாகத் தொடர்புள்ள கண்டென்சர்களுக்குத் தனி விதி. மெயின்ஸின் இரு வயர்களுக்கும் குறுக்கே இருப்பதற்கு எக்ஸ் வகையும், மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கோ, லைவ் சேசிஸிலிருந்து ஏரியல், எர்த் சாக்கெட்டுக்கோ போகிறவற்றுக்கு ஒய் வகையும்தான் போட வேண்டும். ஒய் வகை, கெட்டாலும் ஷார்ட் ஆகாதபடி செய்யப்பட்டது. உங்கள் கைக்கும் மெயின்ஸுக்கும் நடுவில் இருப்பது அது மட்டும்தான்.

## ரெசிஸ்டர், வயர், டிரான்ஸ்ஃபார்மர்

பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு கூடும். கழற்றாமலேயே அளக்க ஒரு வழி உண்டு. சர்க்யூட்டில் இருக்கும்போது இணையாக வேறு பாதைகள் இருந்தால் மீட்டர் குறைவாகத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. கண்டென்சர்கள் வெறுமையாக இருக்கும்போது, எழுதியிருப்பதைவிட அதிகம் காட்டினால் அந்த ரெசிஸ்டரின் மதிப்பு மாறிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம். 20 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் மாற்றுங்கள். அந்தக் காலத்தில் விற்றபோதே 20 சதவீதம் வித்தியாசம் அனுமதிக்கப்பட்டதுதான்.

ரப்பர் உறை போட்ட வயர்கள் வளைத்தாலே பொடியாக உதிரும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றியாக வேண்டும். மெயின்ஸ் கயிறு எந்த நிலையில் இருந்தாலும் புதிதாகப் போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டுக்கு எர்த்தோடு மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் இறுக்கலாம். ஃபியூஸ் இல்லையென்றால் சேருங்கள்: 220 முதல் 240 வோல்ட் மெயின்ஸுக்கு 500 மில்லி ஆம்பியர், 110 முதல் 120-க்கு 1 ஆம்பியர் மெதுவாக எரியும் ஃபியூஸ் ஒரு மேசை ரேடியோவுக்குப் போதும். ஒரு விதிவிலக்கு: பழைய செட்டுகள் சிலவற்றில் மெயின்ஸ் கயிறே ஒரு ரெசிஸ்டர். பயன்பாட்டில் சூடாகும், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்கும். அதை வெட்டிக் குட்டையாக்கவோ சாதாரண வயரால் மாற்றவோ கூடாது; ஹீட்டர்கள் எல்லாம் ஒரேயடியாக எரிந்துவிடும்.

வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்று பாருங்கள். மெயின்ஸ் 230 என்றால் 220-ஐவிட 240-இல் வைப்பது வால்வுகளுக்கு நல்லது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி சில நூறு ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. போருக்கு முந்திய செட்டுகளில் ஸ்பீக்கருக்குள் ஃபீல்டு காயில் (காந்தமாக வேலை செய்யும் சுருள்) இருக்கும். அது ஆயிரம் ஓம் அளவில் காட்டும். அதன் வழியாகத்தான் ஹை டென்ஷனே (வால்வுகளுக்கான உயர் வோல்டேஜ் டி.சி.) போகிறது.

## முதல் மின்சாரம்

பல்ப் டெஸ்டர் ஒன்று செய்துகொள்ளுங்கள். மெயின்ஸ் லைனில் தொடராக 40 அல்லது 60 வாட் பழைய வகை இழை பல்ப் ஒன்று, அவ்வளவுதான். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. ரேடியோவுக்குள் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், ரேடியோ தப்பிக்கும்.

முதலில் எல்லா வால்வுகளையும் டயல் பல்புகளையும் கழற்றிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் சோதியுங்கள். பல்ப் ஒரு கணம் மின்னிவிட்டு அணைய வேண்டும், அல்லது லேசாகச் சிவக்கலாம். பிரகாசமாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் சுற்றுகள் ஒட்டியிருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டில் இந்தச் சோதனை செய்ய முடியாது. எல்லா ஹீட்டர்களும் தொடரில் இருப்பதால் ஒரு வால்வைக் கழற்றினாலும் எல்லாம் அணைந்துவிடும். அதில் டயல் பல்ப் நல்லதாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பல செட்டுகளில் அது ரெக்டிஃபையர் ஹீட்டரின் ஒரு பகுதிக்கு இணையாக இருக்கும். அது எரிந்துபோனால் ரெக்டிஃபையருக்குச் சுமை கூடும்.

அடுத்து வால்வுகளைப் பொருத்தி, ஸ்பீக்கரைக் கட்டாயம் இணைத்து, மறுபடி பல்ப் வழியாக. ஸ்பீக்கர் இணையாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒருபோதும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. இப்போது பல்ப் பிரகாசமாக எரிந்து, ஹீட்டர்கள் சூடேறச் சூடேற மங்க வேண்டும். மங்கிய பிறகு, அரை நிமிடம் போல கழித்து மறுபடி பிரகாசம் கூடினால் உடனே அணையுங்கள். ரெக்டிஃபையர் சூடான பிறகு ஹை டென்ஷன் லைனில் ஷார்ட் இருக்கிறது.

எல்லாம் சரி என்றால் பல்பை விலக்கி நேராகக் கொடுக்கலாம். உடனே அளக்க வேண்டியவை இரண்டு. முதலாவது ஹை டென்ஷன், சர்க்யூட் படத்தில் சொன்னதற்கு அருகில் வருகிறதா என்று. இரண்டாவது அவுட்புட் வால்வின் கிரிட்டும் கேத்தோடும் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை). கிரிட்டில் பாசிட்டிவ் எதுவும் இருக்கக் கூடாது. இஎல் 84-இல் கேத்தோடு ரெசிஸ்டர் 150 ஓம் என்று வையுங்கள். அதன் குறுக்கே சுமார் 7 வோல்ட் இருந்தால் வால்வு 47 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, சரியான அளவு. 11, 12 என்று காட்டினால் அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். புதுக் கப்ளிங் கண்டென்சர் போட்ட பிறகும் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறினால் வால்வே கெட்டிருக்கலாம்.

## சத்தம் வரவில்லையா?

ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி வாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில், இன்சுலேஷன் கைப்பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரின் முனையால் வால்யூம் கன்ட்ரோலின் நடு முனையைத் தொட்டால் ஸ்பீக்கரில் உறுமல் கேட்க வேண்டும். கேட்டால் ஆடியோ பகுதி முழுவதும் நலம். குற்றம் அதற்கு முன்னால் இருக்கிறது.

அடுத்து ஆஸிலேட்டர், அதாவது ரேடியோவுக்குள்ளேயே ஒரு அலையை உண்டாக்கும் பகுதி. இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம், இன்னொரு மத்திய அலை ரேடியோ இருந்தால் போதும். நம் ரேடியோவின் ஐ.எஃப். 455 கிலோ ஹெர்ட்ஸ் என்றால், டயலை 600-இல் வைக்கும்போது அதன் ஆஸிலேட்டர் 1055 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும். பக்கத்தில் இன்னொரு ரேடியோவை 1055-க்கு அருகில் நிலையம் ஒன்று வரும் இடத்தில் வைத்து, நம் டயலை மெல்ல நகர்த்தினால் விசில் சத்தம் கேட்கும். கேட்டால் ஆஸிலேட்டர் வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது; சூப்பர்ஹெட் ரேடியோ (வரும் அலையை ஆஸிலேட்டர் அலையோடு கலந்து ஐ.எஃப்.-ஆக மாற்றும் வகை) எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு நிமிடத்தில் காதுக்குப் புரியவைத்துவிடும்.

தொடர்ந்து ஹம் வந்தால் ஃபில்டர் கண்டென்சர். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் கன்ட்ரோலில் அழுக்கு. வால்யூமைக் குறைத்தால் நின்றுபோகும் இடி மாதிரியான சத்தம், ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் உள்ள மைக்காவில் வெள்ளி படர்ந்ததால் வரலாம். அமெரிக்கச் சின்ன ஐ.எஃப். டப்பாக்களில் இது அடிக்கடி வரும் நோய்.

## அலைன்மென்ட்

நிலையங்கள் நன்றாக, டயலில் சரியான இடத்தில் வருகின்றனவா? அப்படியானால் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லுங்கள். யாரும் தொடாத ரேடியோவில் அலைன்மென்ட் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கும்.

தேவைப்பட்டால் சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். ஐ.எஃப். எத்தனை என்று சர்க்யூட் படத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். 455 பரவலானது, 470 போன்றவையும் உண்டு. சிக்னலை மிக்ஸர் (அலைகளைக் கலக்கும்) வால்வின் கிரிட்டில் கண்டென்சர் வழியாகக் கொடுத்து, கடைசி ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றையும் உச்சத்துக்குத் திருப்புங்கள். காதுக்குச் சற்றே கேட்கும் அளவுக்குச் சிக்னலைக் குறைவாக வைக்க வேண்டும். கூட்டினால் ரேடியோவின் ஏ.வி.சி. (தானியங்கி ஒலி அளவுக் கட்டுப்பாடு) தானே சத்தத்தைச் சமன் செய்து உச்சத்தை மறைத்துவிடும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் கருவி மட்டும். பிறகு டயலின் உயர் முனையில், 1400-க்கு அருகில், டிரிம்மர்களையும் (திருகிச் சரிசெய்யும் சிறு கண்டென்சர்கள்), கீழ் முனையில் 600-இல் பேடரையோ (அதே போன்ற இன்னொரு கண்டென்சர்) காயிலின் கருவையோ சரிசெய்யுங்கள். ஒன்று மற்றதைக் கலைக்கும் என்பதால் மாறி மாறிச் செய்ய வேண்டும். எந்த ஸ்க்ரூவும் இறுக்கமாக இருந்தால் வற்புறுத்தாதீர்கள். கரு உடைந்தால் அந்த டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும்.

## பெட்டி

டயல் கண்ணாடியில் எழுத்துகள் உள்பக்கம் அச்சாகியிருக்கும். வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். உள்பக்கம் ஈரத் துணி பட்டால் நிலையங்களின் பெயர்கள் துணியோடு வந்துவிடும்.

மரப்பெட்டியின் பழைய பூச்சை எடுத்தவுடன் சுரண்டிவிடாதீர்கள். மினரல் டர்பெண்டைனில் நனைத்த துணியால் துடைத்தாலே, நாம் கெட்டுவிட்டது என்று நினைத்தது அழுக்கும் புகையும்தான் என்று பல நேரம் தெரியவரும். அதற்கு மேல் மெழுகு பாலிஷ் போட்டால் போதும். பூச்சு உண்மையிலேயே போயிருந்தால், மறைவான இடத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்தால் அது அரக்குப் பூச்சு, அதே அரக்கால் புதுப்பிக்கலாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லேக்கர். மேல்தகடு பிரிந்திருந்தால் மரப்பசை விட்டு, நடுவில் மெழுகுக் காகிதம் வைத்துக் கிளாம்ப் போடுங்கள். உப்புத்தாளால் இழுத்துத் தேய்த்தால் மேல்தகடே காணாமல் போகும், அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

பேக்கலைட் பெட்டியை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, பாலிஷ் பேஸ்ட்டால் மெருகேற்றலாம். உப்புத்தாள் போடவே கூடாது. மேல் தோல் போனால் அடியில் சொரசொரப்பான நிரப்பிதான் இருக்கும், சில பேக்கலைட்டுகளில் அந்த நிரப்பி ஆஸ்பெஸ்டாஸ்.

## கேட்பதற்கு

பின்பக்க ஏரியல் சாக்கெட்டில் ஐந்து முதல் பத்து மீட்டர் வயர் ஒன்றைச் சொருகி, முடிந்தவரை உயரத்தில், வீட்டு வயரிங்கிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். கரகரப்பு அதிகமாக இருந்தால் ரேடியோவைச் சந்தேகிப்பதற்கு முன் வீட்டில் உள்ள எல்.இ.டி. விளக்குகளையும் மொபைல் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இன்று மத்திய அலையின் பெரிய எதிரிகள் அவைதான்.

பல நாடுகள் மத்திய அலை நிலையங்களை மூடிவருவதால், உங்கள் இடத்தில் பகலில் டயல் காலியாக இருக்கலாம். இருட்டிய பிறகு முயன்று பாருங்கள், மத்திய அலை இரவில்தான் தூரம் போகும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில் கிராமபோன் சாக்கெட் இருந்தால் அதில் புளூடூத் ரிசீவர் ஒன்றை இணைத்துப் பாட்டுக் கேட்கலாம். இடது, வலது சானல்களை ஒன்றோடொன்று நேராக முறுக்காமல், ஆளுக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்துக் கொடுங்கள். லைவ் சேசிஸ் செட்டில் இந்த வேலை வேண்டாம்.

மேஜிக் ஐ உள்ள ரேடியோவாக இருந்தால் அதன் பச்சை ஒளி எரியும் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், மாற்றும் எளிதில் கிடைக்காது. நாள் முழுவதும் பின்னணியில் ஓட விடாமல், உட்கார்ந்து கேட்கும்போது மட்டும் போடுங்கள். பின்மூடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விடுங்கள், மேலே துணியோ பூச்சாடியோ வைக்க வேண்டாம். கேட்காவிட்டாலும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட விட்டால் புது எலக்ட்ரோலிடிக்குகள் நலமாக இருக்கும். வெளியூர் போகும்போதும் இடி மழையின்போதும் பிளக்கையும் ஏரியலையும் பிடுங்கிவிடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி பின்மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அது பாதி வேலையைக் குறைக்கும்.